ஜப்பான் அறிமுக வகுப்பு: பண்பாடு நிறைய, சமூகம் கொஞ்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் நோட்டீஸில் ‘ஜப்பானியப் பண்பாடும் சமூகமும், ஓர் அறிமுகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் பண்பாட்டை அள்ளிக் கொடுத்தார்கள், சமூகம் கண்ணில் படவே இல்லை. நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு மொழிப் பயிற்சி நிலையம் சனிக்கிழமை காலைகளில் நடத்தும் வகுப்பு இது. மொழி வகுப்பு தனி, இது தனி. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்களும் சேரலாம். கட்டணம் 6,500 ரூபாய், ஒரு நாள் மதியச் சாப்பாடும் ஒரு தேநீர்ச் சடங்கும் அதற்குள் அடக்கம். குறையும் சொல்லப்போவதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

சென்னையில் இதற்கெல்லாம் ஆள் வருமா என்று கேட்காதீர்கள், வகுப்பு நிரம்பி வழிந்தது. வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் கோமாட்சு, அவர்களுக்குச் சரக்கு போடும் சின்னச் சின்ன கம்பெனிகள் என்று அந்தப் பக்கம் முழுக்க ஜப்பான் சம்பந்தம்தான். நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு உதிரிபாகக் கம்பெனியின் தரப் பிரிவில். என்னைப் போல ஃபேக்டரி ஆட்கள் கொஞ்சம், ஆன்சைட் போகும் ஐடி பிள்ளைகள் கொஞ்சம், அனிமே பார்த்தே பாதி ஜப்பானியம் பேசும் கல்லூரிப் பெண்கள் ஒரு வரிசை, நர்சிங் முடித்துவிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகத் தயாராகும் பெண்கள் ஒரு வரிசை, அப்புறம் வங்கியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இவர் எந்த வகுப்பிலும் கேள்வி கேட்காமல் இருந்ததில்லை, அந்தக் கேள்விகளாலேயே வகுப்பு சுவாரசியமாகப் போனது.

பாடம் எடுத்தவர் தமிழ்ப் பெண்மணி, நகோயாவில் பல வருடம் இருந்தவர். எல்லோரும் சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும், பெரியவர் மட்டும் கடைசிவரை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார். சென்செயிடம் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டார், செய்ய வைப்பார். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது நமக்கென்ன புதுசா என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எழுப்பி, வாசலில் ஒரு பலகையைப் போட்டு, இதுதான் படி என்று சொல்லி, கழற்றிய செருப்பின் முனை வெளிப்பக்கம் பார்க்க வைக்கச் சொன்னார். உள்ளே போட ஒரு செருப்பு, கழிப்பறைக்கு வேறொரு செருப்பு, தத்தாமி பாய் விரித்த அறைக்குள் எந்தச் செருப்பும் கூடாது. கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பதுதான் போகிற ஆட்கள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்வது என்றார். விசிட்டிங் கார்டும் அதே மாதிரி. இரண்டு கையாலும் நீட்ட வேண்டும், எழுத்து வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும், வாங்கியதைப் படிக்காமல் பின் பாக்கெட்டில் செருகக்கூடாது, மீட்டிங் முடியும்வரை மேசைமேல் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வரிசைப்படி அடுக்கி வைக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் வருடக்கணக்காக ஜப்பான் ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்கள் ஏன் கார்டுகளை அப்படிப் பரப்பி வைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. யார் யார் என்ன பெயர் என்று குழம்பாமல் இருக்கத்தான்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அவர் சொன்னது ரொம்பப் பேருக்கு உதவும். அங்கே அலுவலகத்தில் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தால், விசாவிலிருந்து பேங்க் கணக்கு வரை அதுதான் முன்னால் நிற்கும், ஆபீஸ் முழுக்க உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். முருகேசனின் மகள் கவிதா போய் இறங்கிய மறுநாளே முருகேசன்சான் ஆகிவிடுவாள். முதல் நாளே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்வார்கள், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம் என்றார். இந்த மாதிரி விவரமெல்லாம் இணையத்தில் தேடினால் சுலபமாகக் கிடைக்காது.

வகுப்பிலேயே உருப்படியான நாள் என்றால் சாப்ஸ்டிக் நாள்தான். பிடிக்கக் கற்றுக்கொடுத்து முடித்துவிடுவார் என்று நினைத்தால், இரண்டு காரியம் மட்டும் செத்தாலும் செய்யாதீர்கள் என்று ஆரம்பித்தார். ஒன்று, சோற்றில் குச்சிகளை நட்டுவைப்பது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். இரண்டாவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேராக உணவை மாற்றுவது. ஜப்பானில் ஏறக்குறைய எல்லோரையும் எரிக்கத்தான் செய்கிறார்கள். தகனம் முடிந்ததும் உறவினர்கள் சுற்றி நின்று எலும்பைக் குச்சியால் எடுத்து, குச்சிக்குக் குச்சி மாற்றி, கலசத்தில் போடுவார்கள். கால் எலும்பிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், இல்லையென்றால் கலசத்துக்குள் அவர் தலைகீழாக இருப்பாராம். கடைசியாகக் கழுத்தெலும்பு ஒன்று, அது உட்கார்ந்திருக்கும் புத்தர் வடிவில் இருப்பதாக நினைத்து நெருங்கிய சொந்தம் எடுத்து வைக்கும். இதைக் கேட்டதும் பெரியவர் எழுந்து, கண்ணம்மாபேட்டை சுடுகாட்டில் நாங்களும் மறுநாள் காலையில் போய்ப் பொறுக்குகிறோமே, பால் தெளித்து, சட்டியில் எடுத்து, கடலில் கரைக்கிறோமே என்றார். முதலில் எடுப்பது காலா தலையா என்று அவருக்கும் பக்கத்து சீட்காரருக்கும் வாக்குவாதம் வந்து, அவரவர் ஜாதி வழக்கம், ஊர் வழக்கம் என்று பத்து நிமிடம் போனது. சென்செய் தடுக்கவில்லை. இந்த மாதிரி நேரங்களில் நல்ல டீச்சர்.

பண்டிகைகளும் அப்படித்தான், நன்றாகவே வந்தன. மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். படிக்கட்டு வைத்து சிவப்புத் துணி விரித்து, உச்சியில் ராஜா ராணி, அடுத்த படியில் மூன்று அரண்மனைப் பெண்கள், அதற்குக் கீழே ஐந்து வாத்தியக்காரர்கள். கொலு வைக்கும் வீட்டுப் பெண்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. என்ன, நம் கொலுவில் கிரிக்கெட் டீமும் செட்டியார் கடையும் நுழையலாம், அங்கே யார் எந்தப் படி என்பதில் அசைய விடமாட்டார்கள். திருநாள் முடிந்தும் பொம்மைகளை எடுத்து வைக்காமல் விட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையைச் சொன்னபோது நர்சிங் பெண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நமது அமாவாசைக் கணக்கு, முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். வெள்ளரிக்காயில் குச்சிக் கால் செருகிக் குதிரை செய்வார்கள், கத்தரிக்காயில் மாடு செய்வார்கள். வரும்போது குதிரையில் சீக்கிரம் வரட்டும், திரும்பும்போது மாட்டில் மெதுவாகப் போகட்டும் என்று. வகுப்பில் எல்லோரையும் ஆளுக்கொரு கத்தரிக்காய் மாடு செய்ய வைத்தார்கள், நம்மூர் குண்டுக் கத்தரிக்காயில் கால் நிற்கவே இல்லை.

சாமிகள் பாடத்தில் சரஸ்வதி அங்கே பென்சைத்தென் என்ற பெயரில், வீணைக்குப் பதிலாக பிவா என்ற வாத்தியத்தோடு, ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவராக இருப்பதைக் காட்டினார். டோக்கியோ அசாகுசாவில் மாட்சுசியாமா ஷோதென் என்று நம்ம பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது, மூலவரை யாருக்கும் காட்டமாட்டார்கள், கொழுக்கட்டைக்குப் பதிலாக அவருக்கு முள்ளங்கி படைக்கிறார்கள். பெரியவர் எதிர்பார்த்தபடியே, ஜென் பௌத்தத்தின் முதல் குரு என்று சொல்லப்படும் போதிதர்மருக்கு வந்தார், காஞ்சிபுரம் இளவரசர்தானே என்று. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது, சற்றுப் பிந்தியதுதான் தென்னிந்தியா என்கிறது, பல்லவர் என்பதெல்லாம் பிறகு வந்தது என்று சென்செய் பட்டென்று சொல்லிவிட்டார். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ எழுதியதையும் கேட்டார். வினைச்சொல் கடைசியில் வருவதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குக் கற்பதைச் சுலபமாக்கும், அந்த மட்டில் சந்தோஷப்படுங்கள், உறவு என்பதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை என்றார். மேடையில் கைதட்டல் வாங்கும் ஆட்கள் இந்த இரண்டு கேள்விக்கும் வேறு மாதிரிதான் பதில் சொல்வார்கள். இவர் சொல்லாதது பெரிய விஷயம்.

தேநீர்ச் சடங்குக்கு சென்னையில் குடியிருக்கும் ஒரு ஜப்பானியப் பெண்மணி வந்தார். முதலில் இனிப்பு, அதைத் தின்று முடித்த பிறகுதான் தேநீர். மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்காத வெந்நீர் விட்டு, ஒரே மூங்கில் துண்டைப் பல இழையாகக் கீறிச் செய்த மத்தால் மணிக்கட்டை மட்டும் ஆட்டிக் கடைகிறார். மேலே நுரை கட்டுகிறது, நம்ம டிகாஷன் காபி நுரையைவிடப் பொடி நுரை. கிண்ணத்தின் அழகான பக்கம் நம்மைப் பார்த்து வரும், அதில் வாய் வைக்கக்கூடாது என்பதால் சற்றுத் திருப்பிவிட்டுக் குடிக்க வேண்டும். சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் 16ஆம் நூற்றாண்டில் இதை எளிமையாக்கினார் என்பதையும், அவர் அப்போது ஜப்பானை ஆண்ட டோயோடோமி ஹிடெயோஷியின் கட்டளையால் 1591இல் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார் என்பதையும் சொன்னார்கள். எல்லாம் சரி, ஆனால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மத்தைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது முன்வரிசைக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குப் பின்னால் பேப்பர் கப்பில் வந்தது. பேப்பர் கப்பில் எந்தப் பக்கம் திருப்புவது!

சாப்பாட்டுக்கு வருவோம். காலையில்தான் சென்செய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், மிசோ சூப் பார்க்க சைவம் மாதிரி இருக்கும், ஆனால் அதன் அடித்தண்ணீர் காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பது, புத்த மடங்களின் சமையலில் மட்டும் கடற்பாசியும் ஷீத்தாக்கே காளானும் போட்டு எடுப்பார்கள் என்று. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இறைச்சிக்குத் தடை போட்டதும், 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டதாகச் செய்தி பரப்பி மக்களைப் பழக்கியதும்கூட வந்தது. மதியம் ‘வெஜ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியோடு மிசோ சூப் வந்தது. மயிலாப்பூர் பெண் ஒருத்தி போய்க் கேட்டாள். கேட்டரிங் தம்பி மூடியைத் திறந்து கரண்டியால் கலக்கிக் காட்டி, “மீன் துண்டு ஒண்ணும் இல்லையே மேடம்” என்றான். காலை வகுப்பை அந்தத் தம்பிக்கும் எடுத்திருக்கலாம். மற்றபடி சோறும் ஊறுகாயும் டோஃபுவும் நன்றாகவே இருந்தன.

அலுவலக நாகரிகம் பற்றிய பகுதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஃபைவ் எஸ், சிறுகச் சிறுக மேம்படுத்திக்கொண்டே போகும் கைசென், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமலே மேலாளருக்குச் சொல்வது, எல்லாம் பாடியிலும் அம்பத்தூரிலும் ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே வந்துவிட்டவை. 1998இல் தர மேலாண்மைக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் விருதை இந்தியாவுக்கு முதலில் வாங்கியதே இங்கேயிருந்த சுந்தரம் கிளேட்டன்தான். ஐடி ஆட்களுக்கு வேண்டுமானால் புதிது. குப்பை பிரிக்கும் பாடம் எல்லோருக்கும் வேண்டியது. எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கு ஒரு கிழமை, தப்பான நாளில் வைத்தால் எடுக்காமல் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள், பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வருவதே இதில்தான்.

இனி எனக்கு உறுத்திய விஷயம். ஒரு ஸ்லைடில் ஜப்பான் பள்ளிக் குழந்தைகள் தலையில் துணி கட்டிக்கொண்டு வகுப்பறையைத் துடைக்கிறார்கள், கழிப்பறையையும் அவர்களே கழுவுகிறார்கள். நம் பிள்ளைகள் ஏன் இப்படி இல்லை என்று சென்செய் கேட்க, பாதி வகுப்பு தலையாட்டியது. நம் ஊரில் அது அப்படியே கேட்கக்கூடிய கேள்வி இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பது தெரிந்ததுதானே. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று செய்தி வருவதும், தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை என்று அடங்குவதும் நாம் பார்க்காததா? அங்கே எல்லாக் குழந்தையும் முறை வைத்துச் செய்கிறது, அதனால் அது பழக்கம். இங்கே செய்வது குறிப்பிட்ட வீட்டுக் குழந்தை என்றால் அதற்கு வேறு பெயர். நர்சிங் பெண்களில் ஒருத்தி சரியாக இதைப் பிடித்துக்கொண்டு, “அங்க ஜாதி எல்லாம் இல்லையா மேடம்?” என்று கேட்டாள். ஜப்பானில் எல்லோரும் ஒன்றுதான் என்று ஒரே வரியில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

போதிதர்மர் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர் இதில் இப்படிச் சொன்னதுதான் எனக்கு ஏமாற்றம். புராக்கு மக்கள் என்று ஒரு சமூகம் அங்கே இருக்கிறது. தோல் வேலை, மாடு அறுப்பது, பிணம் சம்பந்தப்பட்ட வேலை என்று தீட்டாக நினைத்த தொழில்களைச் செய்தவர்களின் வழிவந்தவர்கள். எடோ காலத்தில் (1603–1868) ஊருக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டிருந்தார்கள், 1871இல் சட்டப்படி அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது, ஒதுக்கல் நிற்கவில்லை. 1922இல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் மரியாதைக்காகத் தாங்களே போராடினார்கள். தோற்றத்திலோ பேச்சிலோ வித்தியாசம் ஒன்றும் கிடையாது, எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றால், ஊரை வைத்து. அந்தக் குடியிருப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்ட புத்தகங்களைக் கம்பெனிகள் ரகசியமாகக் காசு கொடுத்து வாங்கி, வேலைக்கு விண்ணப்பித்தவர்களைச் சரிபார்த்தது 1975இல் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆள் வைத்து விசாரிப்பதும் உண்டு. ‘தம்பிக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு’ என்று வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்கப்பட்ட எவனுக்கும் இது புரியாமல் போகாது. பழைய கதையும் இல்லை, இந்தப் பாகுபாட்டை ஒழிக்க அவர்கள் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது 2016இல்.

இடைவேளையில் நேராகவே கேட்டேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. “அறிமுக வகுப்புல அதெல்லாம் எதுக்குங்க, போறவங்க பயந்துடுவாங்க” என்றார். பூகம்பத்தைச் சொல்லும்போது பயம் வராதா? 2011 சுனாமியை எங்கள் 2004ஓடு சேர்த்து அவ்வளவு விவரமாகச் சொன்னார். செப்டம்பர் 1 ஏன் பேரிடர் ஒத்திகை நாள் என்பதற்கு டோக்கியோ பகுதியைத் தாக்கிய 1923 கான்டோ பூகம்பத்தைச் சொன்னார், மதியச் சமையல் நேரத்தில் அடுப்புத் தீ பரவியது வரை. அதே பூகம்பத்துக்குப் பிறகு வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்களே, அது மட்டும் இல்லை. அங்கே போய் வெளிநாட்டுத் தொழிலாளியாக வாழப்போகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எதை விட்டுவிட்டீர்கள் பாருங்கள்.

வேலை நேரம் பற்றியும் இதே கதை. ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 29 சதவீதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால்தான் 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவையே கொண்டுவந்தார்கள். இந்தப் பெண்கள் போவதும் அதில்தான். ஓவர்டைம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டவளுக்கு ‘கடின உழைப்பாளிகள்’ என்ற பதில் போதாது. அதிக வேலையால் சாவது அங்கே சட்டத்தில் இடம்பெற்ற விஷயம், அதைத் தடுக்க 2014இல் சட்டம் வந்தது. ஓவர்டைம் சாதாரணமாக மாதம் 45 மணி நேரம், வருடம் 360 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பெரிய கம்பெனிகளுக்கு 2019இலும் சின்ன கம்பெனிகளுக்கு 2020இலும் வரம்பு வந்தது. இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கத்தரிக்காய் மாட்டைவிட அதிகம் உதவியிருக்கும்.

சரி, யார் சேரலாம்? ஆன்சைட் போகும் ஐடி ஆட்கள், சுற்றுலா போகிறவர்கள், அனிமே பிள்ளைகள் தாராளமாகச் சேரலாம். ஃபேக்டரி ஆட்கள் கம்பெனி பணம் கட்டினால் சேருங்கள். பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது சம்பளச் சீட்டு, விடுதி வாடகைப் பிடித்தம், லீவு எல்லாம் கேட்டுக்கொண்டு போங்கள். சான்றிதழ் தருகிறார்கள், அதை வைத்து எங்கும் ஒன்றும் நடக்காது, வேலைக்கு வேண்டியது மொழித் தேர்வுதான். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது, ஜூலைத் தேர்வு முடிந்த கையோடு இந்த வகுப்பின் அடுத்த பேட்ச் தொடங்கும் என்றார்கள். கார் நிறுத்த இடம் கிடையாது. தேநீர் நாளன்று மட்டும் அரை மணி நேரம் முன்னாலேயே போய் முன்வரிசையைப் பிடித்துவிடுங்கள்.